வீட்டு கேசட் வீடியோவை வெட்டப் போறீங்களா? வெட்ட மட்டுமே தெரிந்த சாஃப்ட்வேரை எடுங்க!

1/
பரணில் இருந்து கல்யாண கேசட்டை இறக்கி, கடையில் கொடுத்து, பென்டிரைவில் ஏற்றி வாங்கி வந்துவிட்டீர்கள். மொத்தம் மூணு மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம், மேடையில் வரிசையாக ஏறி கவரைக் கொடுத்துவிட்டு கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்பவர்கள்.

"இதைக் கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கணும். ஃப்ரீயா, ஈஸியா ஒரு சாஃப்ட்வேர் சொல்லுங்க டாக்டர்!"

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். சேமித்து வைத்து நிதானமாகப் படியுங்கள்.

2/
மாத்திரை மருந்து பேசுற ஆளுக்கு வீடியோ வெட்டுறதுல என்ன வேலைன்னு கேக்கலாம். காரணம் இருக்கு.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எத்தனையோ வீடுகளில் பெரியவங்க மட்டும் இங்கே, பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். அந்தப் பெரியவங்களில் சிலருக்கு முதுமை மறதி நோய். கூட்டிட்டு வர்ற குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரை தவிர நாங்க என்ன பண்ணலாம்?"

நான் சொல்லும் பதில்களில் ஒன்று: பழைய ஃபோட்டோ, பழைய வீடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்க. அதைப் பத்தி அவங்களைப் பேச விடுங்க.

3/
இதுக்கு ஆதாரம் இருக்கான்னா, ஓரளவு இருக்கு. நினைவூட்டல் சிகிச்சை பற்றி 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 22 ஆய்வுகளை அலசியது. பலன் உண்டு, ஆனால் சிறியது, இடத்துக்கு இடம் மாறுபடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே இது மறதியைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஆனால் நாள் முழுக்க பேசாமல் இருக்கும் ஒருவர், தன் அண்ணன் மூர்த்தத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நாலு வார்த்தை பேசினால், அந்த வீட்டுக்கு அது சிறிய விஷயம் இல்லை.

4/
சிக்கல் எங்கே வருதுன்னா, மூணு மணி நேர வீடியோவை அவங்களால் பார்க்க முடியாது. பத்து நிமிஷத்தில் கண் அசந்துவிடும். அல்லது சலிப்பு, கோபம். ஐந்து நிமிஷத் துண்டு போதும். ஒரு துண்டில் ஒரு நிகழ்ச்சி. மாப்பிள்ளை அழைப்பு ஒண்ணு, ஊஞ்சல் ஒண்ணு, பந்தி ஒண்ணு.

இறந்துபோனவரைத் திரையில் பார்த்து "எங்கே அவ?"ன்னு கேட்டால், "செத்துப் போயி பத்து வருஷம் ஆச்சே"ன்னு ஒவ்வொரு தடவையும் போட்டு உடைக்காதீங்க. அவங்களைப் பத்திப் பேச்சைத் திருப்புங்க. மனசு கலங்கினால் நிறுத்திடுங்க.

ஆக, வெட்டுவது இங்கே அலங்காரம் இல்லை, தேவை. அதனால்தான் எதை வைத்து வெட்டுகிறோம் என்பது முக்கியம்.

5/
என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன்.

வீட்டு வீடியோவுக்கு நல்ல சாஃப்ட்வேர் என்பது நிறைய வேலை தெரிந்த சாஃப்ட்வேர் இல்லை. வெட்ட மட்டும் தெரிந்தது. பாட்டு சேர்க்காது, கலர் மாற்றாது, இதயம் பறக்க விடாது. முக்கியமாக, படத்தை மறுபடி அரைத்து எழுதாது. இருப்பதை இருக்கிறபடியே நறுக்கிக் கொடுக்கும்.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

6/
ரேஷன் கார்டு ஜெராக்ஸை எடுத்துட்டுப் போயி, அதுக்கு ஒரு ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸுக்கு இன்னொரு ஜெராக்ஸ்னு போட்டுப் பாருங்க. மூணாவதுல ஃபோட்டோ கறுப்புத் திட்டாகிடும்.

வீடியோவும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒன்று. பெரும்பாலான எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் அதைப் பிரித்து, நீங்கள் வெட்டிய பிறகு, மறுபடி சுருக்கி எழுதும். இதற்கு ரீஎன்கோடிங் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் போகும்.

7/
இன்னைக்கு ஃபோனில் எடுக்குற வீடியோவில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. கேசட் வீடியோவுக்கு அப்படி இல்லை.

விஎச்எஸ் கேசட் 1976-ல் ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் கொண்டுவந்தது. நம்ம ஊரில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு கலர் டிவியும் விசிஆரும் வீடுகளுக்குள் வர, கல்யாணங்களில் வீடியோ வெளிச்சம் சேர்ந்துகொண்டது. இந்தியாவின் பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். டிஜிட்டலாக மாற்றினால் வழக்கமாக 720க்கு 576 புள்ளிகள். விஎச்எஸ் நாடா தருகிற விவரம் அந்த அளவுக்குக்கூட வராது.

இருப்பதே கொஞ்சம். அதிலும் தேய்த்தால் பாட்டியின் முகத்தில் மூக்குத்தி எங்கே போச்சுன்னு தேடணும்.

8/
சரி, ரீஎன்கோட் செய்யாமல் வெட்ட முடியுமா? முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் 40 முதல் 60 வரையுள்ள பக்கங்களை மட்டும் அப்படியே எடுத்துத் தனியாகத் தைப்பது போல. எதையும் திருப்பி எழுதுவதில்லை. கையெழுத்து அதே, மை அதே.

இன்னொரு லாபம் வேகம். திருப்பி எழுதும் வேலையே இல்லாததால், ஒரு மணி நேர வீடியோவில் இருந்து பத்து நிமிஷத்தை நறுக்க பழைய லேப்டாப்புக்குக்கூட சில நொடிகள்தான் பிடிக்கும். ரீஎன்கோட் என்றால் அதே வேலைக்கு ஃபேன் கத்த ஆரம்பிச்சிடும்.

9/
இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நினைத்த நொடியில் வெட்ட முடியாது.

திருமயிலை ஸ்டேஷனில் நிற்கும் பறக்கும் ரயிலைப் பிரிக்கணும்னா, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் பிரிக்க முடியும். பெட்டியை நடுவில் அறுக்க முடியாது இல்லையா? வீடியோவிலும் முழுப்படம் என்று சில இடங்களில் மட்டும் இருக்கும். கீஃப்ரேம் என்பார்கள். நடுவில் இருப்பவை, முந்தைய படத்தில் இருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. ஆகவே வெட்டு கீஃப்ரேமில்தான் ஆரம்பிக்கும்.

டிவிடியில் அரை நொடிக்கு ஒன்று கிடைக்கும். எம்பி4 கோப்பில் பல நொடி இடைவெளிகூட இருக்கலாம். துண்டு நாலு நொடி முன்னாடியே ஆரம்பிக்கும், அவ்வளவுதான். சினிமாவுக்கு அது குறை. வீட்டு வீடியோவுக்கு ஒரு குறையும் இல்லை.

10/
இனி பெயர்களுக்கு வருவோம். என் முதல் பரிந்துரை லாஸ்லெஸ்கட்.

இலவசம், திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிட்ஹப் தளத்தில் அதன் அதிகாரபூர்வ பக்கத்தில் இருந்து காசு இல்லாமல் இறக்கலாம். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஸ்டோர்களில் அதே சாஃப்ட்வேருக்கு விலை போட்டிருக்கும். அது உருவாக்கியவருக்கு ஆதரவாக. விருப்பம் இருந்தால் கொடுங்க, தப்பில்லை.

உள்ளே நிஜமாக வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்கிற இயந்திரம். 2000-ல் ஃபாப்ரீஸ் பெல்லார் என்பவர் தொடங்கியது. இன்று வீடியோ உலகத்தில் பாதிக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

11/
எப்படிப் பண்றது?

வீடியோவை இழுத்து ஜன்னலில் போடுங்க. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும், நிற்கும். வேண்டிய பகுதி ஆரம்பிக்கும் இடத்தில் ஆங்கில 'ஐ' எழுத்தைத் தட்டுங்க. முடியும் இடத்தில் 'ஓ'. பிறகு 'ஈ'. முடிஞ்சது! அதே ஃபோல்டரில் புதுத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். மூலக் கோப்பை அது தொடாது.

ஒரே வீடியோவில் பத்துப் பகுதிகளைக் குறித்துவைத்து, பத்தையும் தனித்தனிக் கோப்பாகவோ, சேர்த்து ஒன்றாகவோ எடுக்கலாம். ரிட்டயர் ஆன எந்த அப்பாவுக்கும் ஒரு மதியத்தில் கைவந்துவிடும்.

12/
இரண்டாவது பரிந்துரை அவிடெமக்ஸ். இதுவும் இலவசம், திறமூலம், பல வருஷமாக இருப்பது. பழைய கம்ப்யூட்டரிலும் சுமை தராது.

இதில் ஒரே விஷயத்தைக் கவனிக்கணும். இடது பக்கம் வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் 'காப்பி' என்று இருக்கட்டும். மாற்றினால் ரீஎன்கோட் ஆரம்பிச்சிடும். மேல், கீழ் அம்புக்குறிகளைத் தட்டினால் கீஃப்ரேமில் இருந்து கீஃப்ரேமுக்குத் தாவும். ஆரம்பத்தில் 'ஏ' குறி, முடிவில் 'பி' குறி, பிறகு வேறு பெயரில் சேவ். அவ்வளவுதான்.

13/
"எங்க வீட்ல கேசட் இல்ல டாக்டர், சிடிதான்" என்பவர்களுக்கு.

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் நம்ம ஊர் விசேஷங்கள் பெரும்பாலும் விசிடியாகத்தான் வீட்டுக்கு வந்தன. அதைத் திறந்தால் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். டிவிடி என்றால் விஓபி என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். இவை எல்லாமே விஎல்சி ப்ளேயரில் ஓடும். முதலில் முழுசாக ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்க. வீட்டில் எழுதிய சிடிகள் நாள்பட நாள்பட படிக்க முடியாமல் போகும்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையா? யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ரிச்சி தெருவில் கிடைக்கும். விஓபியை வெட்ட அவிடெமக்ஸ் வசதி.

14/
மேக் வைத்திருப்பவர்களுக்கு எம்பி4 கோப்பு என்றால் குயிக்டைம் ப்ளேயரிலேயே 'ட்ரிம்' இருக்கு. சின்ன வேலைக்கு அது போதும்.

ஃபோனிலேயே வெட்டுபவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீங்க. ஐஃபோனில் வெட்டி முடித்ததும் 'புது கிளிப்பாகச் சேமி' என்ற வாய்ப்பைத் தேர்வு செய்யணும். கூகுள் ஃபோட்டோஸில் 'காப்பி சேமி'. மூலத்தின் மேலேயே எழுதிவிடும் எந்த ஆப்பும் இந்த வேலைக்கு ஆகாது.

15/
"அந்தக் காலத்து மூவி மேக்கர் நல்லா இருந்துச்சே?"

இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரி 10-ஓடு நிறுத்திவிட்டது. அதே வருஷம் நவம்பரில், அதன் பெயரில் போலித் தளம் ஒன்று தேடலில் முன்னால் வந்து, மாற்றியமைத்த சாஃப்ட்வேரைக் கொடுத்துக் காசு பறிப்பதை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. ஆகவே கூகுளில் தேடி முதலில் வருவதை இறக்காதீங்க.

விண்டோஸ் 11-ல் வரும் கிளிப்சாம்ப் பாதுகாப்பானதுதான். ஆனால் அது ரீஎன்கோட் செய்யும் வகை.

16/
நான் சொன்னதையே எடுக்கணும்னு இல்லை. எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் மூணு டெஸ்ட் வச்சுப் பாருங்க. ரத்தப் பரிசோதனை மாதிரி.

ஒண்ணு: வைஃபையை அணைச்சுட்டு வெட்டிப் பாருங்க. வேலை செய்யுதா?

ரெண்டு: ஒரு மணி நேர வீடியோவை முதல் அரை மணியில் வெட்டுங்க. சில நொடியில் முடிந்து, கோப்பின் அளவும் ஏறக்குறைய பாதியாக இருந்தால், அது நறுக்கியிருக்கு. பல நிமிஷம் ஓடி, அளவு சம்பந்தமே இல்லாமல் வந்தால், திருப்பி எழுதியிருக்கு.

மூணு: வெட்டிய துண்டைப் போட்டுப் பாருங்க. மூலையில் கம்பெனி பெயர் ஒட்டியிருக்கா? ட்ரையல் சாஃப்ட்வேர்களின் வேலை அதுதான். எல்லாம் இலவசம், கடைசி பட்டனுக்கு மட்டும் காசு.

17/
ஷாட்கட், ஓபன்ஷாட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் எல்லாம் மோசமா என்றால், இல்லவே இல்லை. அருமையான சாஃப்ட்வேர்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. அப்பாவின் மணிவிழாவுக்கு மண்டபத்தில் திரை போட்டு, பழைய காட்சிகளைக் கோர்த்துத் தலைப்பு வைத்துக் காட்டணும் என்றால் இவற்றில் ஒன்றுதான் வேண்டும்.

ஆனால் அது விருந்து. அன்றாடச் சாப்பாடு இல்லை. முதலில் லாஸ்லெஸ்கட்டில் நறுக்கிச் சேமித்துவிட்டு, அந்தத் துண்டுகளின் காப்பியை எடுத்து இங்கே சமைங்க. காய்ச்சலுக்கு வந்தவரை நேரா ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதில்லை இல்லையா?

18/
சிலர் கேட்பது: "கை ஆட்டும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா தெரியுதே, கெட்டுப் போச்சா?"

கெட்டுப் போகலை. பழைய டிவி முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு பாதிகளாக வரும். கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது அசைவில் கோடு தெரிகிறது. விஎல்சியில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்தால் பார்க்கும்போது மறைந்துவிடும். கோப்பை மாற்றவே தேவையில்லை.

19/
"ஏஐ போட்டு 4கே ஆக்கிடலாமே?"

ஆசைக்குச் செய்து பாருங்க, காப்பியில். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேசட்டில் இல்லாத விவரத்தை அது கண்டுபிடிப்பதில்லை, ஊகித்து வரைகிறது. மங்கலான எக்ஸ்ரேயில் எலும்பை பென்சிலால் வரைந்து கொடுத்தால் நான் ஏற்க மாட்டேன். தாத்தாவின் முகமும் அப்படித்தான். பளபளப்பாக இருக்கும், கொஞ்சம் வேறு யாரோ போல இருக்கும்.

20/
இப்போ முக்கியமான கட்டம். எதை வெட்டுவது?

நம்ம ஊர் கல்யாண வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. தாலி கட்டும் இடத்தில் சினிமாப் பாட்டு, ஊஞ்சலுக்கு இன்னொரு பாட்டு. அந்தப் பாட்டுக்கு அடியில் இருந்த நிஜச் சத்தம் அழிந்தே போச்சு. நாதஸ்வரம், பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, மாமா போட்ட சத்தம், எதுவும் இல்லை. அந்த சினிமாப் பாட்டோ இன்றும் எங்கேயும் கிடைக்கிறது. இதில் வேடிக்கை, யூட்யூபில் ஏற்றினால் அந்தப் பாட்டுக்கே காப்பிரைட் நோட்டீஸ் வரலாம்.

நாமும் அதையே இன்னொரு முறை செய்ய வேண்டாம். பாட்டு சேர்க்கத் தெரியாத சாஃப்ட்வேரை எடுங்கன்னு நான் சொல்வதன் காரணம் இதுதான்.

21/
முதலில் வெட்டத் தோன்றுவது "போர் அடிக்கும்" இடங்கள். பந்தியில் இலை போடுவது, வாசலில் செருப்புக் குவியல், கேமராக்காரர் அணைக்க மறந்து தரையைக் காட்டிய மூணு நிமிஷம்.

கொஞ்சம் பொறுங்க. பாட்டு போடாமல் விட்ட இடங்கள் பெரும்பாலும் இவைதான். ஆகவே குரல் இங்கேதான் இருக்கும். "ரசம் இன்னும் வரலியா?" என்று கேட்பது யார்? காதைக் கொடுத்துக் கேளுங்க. திரையில் ஒன்றும் இல்லை என்று அந்த மூணு நிமிஷத்தை வெட்டினால், இருக்கும் ஒரே குரலையும் வெட்டிவிடுவீர்கள்.

வீட்டில் சொந்தமாக ஹேண்டிகேம் வைத்து எடுத்ததாக இருந்தால் இது இன்னும் உண்மை. கேமராவைப் பிடித்திருந்த அப்பா திரையில் வரவே மாட்டார். அவர் குரல் மட்டும்தான் வரும்.

22/
சினிமாவுக்கே இந்தக் கதி நடந்திருக்கு. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. டி.பி.ராஜலட்சுமி நடித்துப் பாடியது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. தமிழ்த் திரையில் கேட்ட முதல் குரல் நமக்குக் கேட்காது.

காசு போட்டு எடுத்து, தியேட்டரில் ஓட்டிய படத்துக்கே அப்படி என்றால், ஒரே ஒரு கேசட்டில் இருக்கும் உங்க வீட்டுக் குரலை யார் காப்பாற்றுவார்கள்? நீங்கதான்.

23/
அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு சட்டம். எங்க தொழிலில் முதல் பாடமே, 'முதலில் கெடுதல் செய்யாதே'.

கடையில் இருந்து வந்த முழுக் கோப்பைத் தொடாதீங்க. 'மூலம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைங்க. வெட்டுவதெல்லாம் 'துண்டு' என்ற வேறு ஃபோல்டரில். "துண்டு போட்டாச்சே, பெரிய கோப்பு எதுக்கு, இடத்தை அடைக்குது" என்று டிலீட் செய்யாதீங்க. இன்னைக்கு போர் என்று நீங்கள் நினைக்கும் இடத்தை, இருபது வருஷம் கழித்து உங்க மகள் தேடலாம்.

24/
ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பி இருக்காதீங்க. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் தண்ணீர் ஆல்பத்தையும் கேசட்டையும் லேப்டாப்பையும் பிரித்துப் பார்க்கவில்லை.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி எளிமையானது. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்தில், அதில் ஒண்ணு வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். மயிலாப்பூர் வீட்டில் ஒரு டிஸ்க், கோயம்புத்தூர் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க், இணையச் சேமிப்பில் ஒண்ணு. முடிஞ்சது.

25/
இன்னும் மாற்றாமல் கேசட்டாகவே வைத்திருப்பவர்கள் தள்ளிப் போடாதீங்க. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

கடற்காற்று ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை மிஷினில் போட்டு ஓட்டாதீங்க. மிஷினுக்கும் பரவி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்க. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பெட்டியைக் கிளற வேண்டாம். மற்றவர்களும் மாஸ்க் போட்டுக்கிட்டுத் திறங்க.

26/
கடையில் கொடுக்கும்போது நாலு விஷயம் வாய் விட்டுச் சொல்லுங்க.

"பாட்டு எதுவும் சேர்க்காதீங்க."
"எதையும் வெட்டாதீங்க, முழுசா வேணும்."
"கேசட்டைத் திருப்பிக் கொடுங்க."
"பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் பண்ணிட்டு ஏத்துங்க."

கடைசி விஷயம் எதுக்குன்னா, பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. வீடியோவைத் துண்டாக்கித் தருவதற்கு அது ஒரு காரணம்.

27/
"ஆன்லைன்லயே வெட்டிக் குடுக்குற சைட் இருக்கே, எதுக்கு சாஃப்ட்வேர்?"

அதில் பலவற்றில், வெட்டுவதற்கு முன்னால் உங்க வீடியோ முழுசாக யாரோ ஒருவரின் கம்ப்யூட்டருக்குப் போகுது. வீட்டு வீடியோவில் என்னென்ன இருக்கும் என்று யோசியுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, பீரோ திறந்திருப்பது, நகை, வீட்டு வாசல் எண். முதல் டெஸ்டில் வைஃபையை அணைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

28/
இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்றேன். மஞ்சள் நீராட்டு விழா கேசட்டுகள்.

12, 13 வயதில் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்காமல் எடுத்த வீடியோ அது. இன்று அவருக்கு 45 வயது இருக்கலாம். அவரிடம் கேட்காமல் ஃபேமிலி குரூப்பில் போடாதீங்க. "நம்ம சொந்தம்தானே" என்பது சம்மதம் ஆகாது. ஒரு ஊசி போடக்கூட நாங்க கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம். வேண்டாம் என்று அவர் சொன்னால், கோப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

29/
சம்மதத்தோடு அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கிவிடும். 'டாகுமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். இத்தனை கவனமாக வெட்டியதைக் கடைசிப் படியில் கோட்டை விட வேண்டாம்.

30/
கடைசியாக, எந்த சாஃப்ட்வேரும் செய்யாத ஒரு வேலை.

வெட்டிய துண்டைப் போட்டுவிட்டு, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் பேப்பர் பேனாவோடு உட்காருங்க. "இது யாரு? இவங்க எந்த ஊரு?" என்று கேட்டு எழுதுங்க. கோப்பின் பெயரையே '1991 மயிலாப்பூர் பெரியத்தை கல்யாணம் பந்தி' என்று மாற்றுங்க. '0001' என்று இருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது யாரோ சிலர் சாப்பிடும் வீடியோ.

சாஃப்ட்வேரை அடுத்த வாரமும் இறக்கிக்கலாம். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அந்த நினைவு எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு மருத்துவனாக என்னால் உத்தரவாதம் தர முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்க.

பயனுள்ளதாக இருந்தால், பரணில் கேசட் வைத்திருக்கும் சொந்தங்களுக்குப் பகிருங்கள்.